லினக்ஸ் தொடங்கத் தேவையான இனிட்ராம் கோப்பு வட்டில் இருக்கிறது, கணினியைத் தொடக்கும் ரெஃபைண்டுக்குத் தெரியவில்லை. நான் எட்டிப் பார்த்ததும் தெரிகிறது. இது என்ன கூத்து?

கணக்கப்பிள்ளை (வெள்ளவத்தை) எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கணினி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு வேண்டியது விளக்கம். நான் கை வைக்காமலே ஒரு பிழை திருந்திவிட்டது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தவறிய பிழையைக் கூடப் பிடித்துவிடலாம், தானாகச் சரியாகிற பிழைதான் என்னைத் தூங்கவிடாது.

கணினியின் சாதகம் இது. பழைய மேசைக் கணினி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டெபியன் 12 லினக்ஸ். வெளிநாடு போகும் முன் மகன் அமைத்துத் தந்தது. ரூட் (முதன்மைப் பிரிவு) முழுவதும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. பூட் அடைவுக்குத் தனிப் பிரிவு இல்லை, அது ரூட்டுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கமான தொடக்க நிரலான கிரப் இல்லை. விண்டோஸ் காலத்து 100 எம்பி ஈஎஃப்ஐ பிரிவில் (தொடக்க நிரல்கள் இருக்கும் இடம்) ரெஃபைண்ட் குடியிருக்கிறது. அதன் டிரைவர் அடைவில் ஈஃபிஎஃப்எஸ் தொகுப்பிலிருந்து எடுத்த எக்ஸ்எஃப்எஸ் டிரைவர் ஒன்று. ரெஃபைண்ட் அந்த டிரைவரை ஏற்றி, ரூட்டுக்குள் நேரே போய், கெர்னலையும் (லினக்ஸின் கரு), அதற்குத் தொடக்கத்தில் வேண்டிய டிரைவர்கள் அடங்கிய இனிட்ராம் கோப்பையும் எடுத்து இயக்குகிறது. இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் அணைத்திருக்கிறது, ஆகவே கையொப்பப் பிரச்சினை என்று யாரும் தொடங்க வேண்டாம்.

போன வியாழன் மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புத்தியுள்ளவன் கணினியை அணைத்திருப்பான். நான் புதிய கெர்னலைப் பதியக் கொடுத்துவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது இனிட்ராம் உருவாக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வட்டு, கரகரவென்று ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. முடிந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. கட்டளை வரி திரும்பி வந்து கண் சிமிட்டியது. கோப்பையை மேசையில் வைத்தேன், தெரு முழுக்க இருட்டு. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பற்றரி செத்துப் பல மாதம். இப்போது அது காலை வைத்துக்கொள்ள உதவுகிறது.

ஒரு மணித்தியாலம் கழித்து வெளிச்சம் வந்தது. ரெஃபைண்ட் வந்தது, டெபியன் சின்னம் வந்தது, எண்டர் தட்டினேன். கெர்னல் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி விழுந்தது. செய்தியின் கடைசியில் அடைப்புக்குள் இரண்டு பூச்சியம். மூன்று தரம் முயன்றேன், மூன்று தரமும் அதே பூச்சியங்கள்.

லினக்ஸ் உள்ள லைவ் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, வட்டின் பிரிவை வாசிப்பு மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்து (இணைத்து), பூட் அடைவைப் பார்த்தேன். புதிய கெர்னல் இருக்கிறது. அதற்குரிய இனிட்ராம் கோப்பும் இருக்கிறது, முழு அளவில். ஓர் எழுத்துக்கூட நான் எழுதவில்லை. மவுன்ட்டை எடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா மறுபடி தொடக்கினேன். ஒழுங்காக ஏறிவிட்டது!

ராம் தளர்ந்ததா, சாட்டா வயர் ஆடியதா என்றெல்லாம் பார்த்தாயிற்று. டிரைவரின் கண்ணுக்குத் தெரியாத கோப்பு, நான் பார்த்த பிறகு எப்படித் தெரிந்தது? அடுத்த மின்வெட்டு சொல்லிவிட்டு வராது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதையும் இருட்டாக்கிய பாணந்துறைக் குரங்கு யாரிடம் அனுமதி கேட்டது?

~~~~

கொட்டாஞ்சேனை டெபியன் எழுதியது:

இப்படி ஊர் பேர் தெரியாத டிரைவர்களை நம்பினால் இப்படித்தான். டெபியன் தருகிற கிரப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் ஐயா. கிரப்புக்கு எக்ஸ்எஃப்எஸ் நன்றாகவே வாசிக்கத் தெரியும்.

~~~~

மழைக்குருவி எழுதியது:

கொட்டாஞ்சேனை அண்ணா, ஈஃபிஎஃப்எஸ் தொகுப்பில் இருப்பதே கிரப் 2-இன் கோப்பு முறைமை நிரல்தான். அதை யூஇஎஃப்ஐ (கணினியின் தொடக்க மென்பொருளுக்கான விதி) டிரைவராக உறை மாற்றித் தருகிறார்கள். கிரப் போட்டிருந்தாலும் அன்று அதே நிரல் அதே வட்டை அதே மாதிரித்தான் வாசித்திருக்கும். வேறு வடிவத்தில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

கணக்கப்பிள்ளை ஐயா, உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். கடையில் நாளேடும் பேரேடும் வைத்திருப்பீர்கள். வியாபாரம் நடக்கிற வேகத்தில் முதலில் நாளேட்டில் எழுதுவீர்கள், பிறகு ஆறுதலாகப் பேரேட்டில் அந்தந்தப் பக்கத்துக்குப் பதிவீர்கள். எக்ஸ்எஃப்எஸ் செய்வதும் இதுதான். புதிய கோப்பின் பெயர், அதன் இனோடு (விவரக் குறிப்பு), அடைவில் அதற்கான வரி எல்லாம் முதலில் வட்டில் ஒதுக்கிய லாக் பகுதிக்குப் போகின்றன. அதுதான் நாளேடு. உரிய இடங்களுக்கு, அதாவது பேரேட்டுக்கு, அவை பிறகுதான் பதியப்படும். லாக்கைத் தள்ளிவிடும் பின்னணிப் பணி வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை எழும். உங்கள் மின்சாரம் அந்த 30 விநாடிக்குள் போயிருக்கிறது. கோப்பையை மேசையில் வைத்த நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

"கடைசியில், காத்திருப்பதை வட்டில் எழுதவைக்கும் சிங்க் கட்டளை ஓடியிருக்குமே" என்று ஒருவர் கேட்கலாம். ஓடியிருந்தாலும் எக்ஸ்எஃப்எஸ்ஸில் சிங்க் தருகிற உறுதி, கோப்பின் உள்ளடக்கம் வட்டில் இருக்கிறது, அதைப் பற்றிய வரி லாக்கில் இருக்கிறது என்பதுதான். ஆகவே மின்சாரம் போனாலும் கோப்பு தொலையாது. லினக்ஸுக்கு அது போதும், ஏனென்றால் லினக்ஸ் மவுன்ட் செய்யும்போது முதல் வேலையாக லாக்கைத் திறந்து, பதியாமல் விட்டதைப் பதிந்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும்.

ஃபேர்ம்வெயார் (கணினிக்குள் பதிந்த தொடக்க மென்பொருள்) பக்கத்து டிரைவர், அதாவது ரெஃபைண்ட் ஏற்றுவது, அப்படிச் செய்யாது. அது வாசிக்க மட்டுமே தெரிந்த ஆள். பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும், நாளேடு என்று ஒன்று இருப்பதையே கவனிக்காது. அன்று அது பூட் அடைவைப் புரட்டியபோது கெர்னல் தெரிந்தது, ஏனென்றால் அது சில நிமிடங்களுக்கு முன்பே பிரிக்கப்பட்டுப் பேரேட்டுக்குப் போய்விட்டது. கடைசியில் பிறந்த இனிட்ராம் நாளேட்டிலேயே நின்றுவிட்டது. ரெஃபைண்ட் கெர்னலின் பதிப்பு எண்ணோடு பொருந்தும் இனிட்ராமைத் தேடும், கிடைக்காவிட்டால் அது இல்லாமலே கெர்னலை அனுப்பிவிடும். டெபியன் கெர்னலில் எக்ஸ்எஃப்எஸ்ஸும் வட்டுக் கட்டுப்படுத்தி டிரைவர்களும் மொட்யூல்கள் (தனியே ஏற்ற வேண்டிய துண்டுகள்), அவை இனிட்ராமுக்குள்தான் இருக்கின்றன. போதாததற்கு ரூட்டை யூயூஐடி (அடையாள எண்) கொடுத்துத் தேடச் சொல்லியிருப்பீர்கள். கோப்பு முறைமையின் யூயூஐடியைத் தனியே தேடக் கெர்னலுக்குத் தெரியாது, அதுவும் இனிட்ராமின் வேலை. இரண்டு பூச்சியம் வந்த கதை அதுதான்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. "நான் பார்க்க மட்டும் செய்தேன்" என்கிறீர்கள். இல்லை ஐயா, எழுதியிருக்கிறீர்கள்! எக்ஸ்எஃப்எஸ்ஸை வாசிப்பு மட்டும் என்று மவுன்ட் செய்தாலும், வட்டு எழுத இடம் தருமானால், லாக் மீட்பு நடந்தே தீரும். லைவ் பென்டிரைவின் கெர்னல் செய்திகளைப் பார்த்திருந்தால் மீட்புத் தொடங்குகிறது, மீட்பு முடிந்தது என்று இரண்டு வரிகள் கிடந்திருக்கும். நாளேட்டிலிருந்து பேரேட்டுக்குப் பதிந்தது லைவ் பென்டிரைவ். அடுத்த தரம் ஃபேர்ம்வெயார் டிரைவர் புரட்டியபோது வரி உரிய பக்கத்தில் இருந்தது.

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே சோதிக்கலாம். மவுன்ட் செய்யும்போது வாசிப்பு மட்டும் என்பதோடு நோரெகவரி என்ற தெரிவையும் சேருங்கள். அப்போது லினக்ஸும் அந்த டிரைவரின் கண்ணால்தான் வட்டைப் பார்க்கும்.

உடனடி மருந்து: இனிட்ராம் உருவாக்கம் முடிந்ததும் எஃப்எஸ்ஃப்ரீஸ் கட்டளையால் கோப்பு முறைமையை உறைய வைத்து (எழுதுவதை நிறுத்தி), அடுத்த கணமே உருக வைப்பது. உறைய வைக்கும்போது லாக்கில் உள்ளதெல்லாம் உரிய இடத்துக்குப் போய்விடும். உங்களுக்கு ரூட்டே அதுவாக இருப்பதால் கவனம். இரண்டையும் ரூட் பயனராக ஒரே வரியில் எழுதுங்கள்.

~~~~

கணக்கப்பிள்ளை எழுதியது:

தங்கச்சி, இரண்டு நாளாக நாளேடும் பேரேடுமாகவே கனவு வருகிறது. கடையில் முதலாளி பேரேட்டை மட்டும் பார்த்துவிட்டு "இந்தப் பட்டியல் எங்கே?" என்று சத்தம் போடும்போது, நாளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் நான். எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

சோதித்தேன். ஞாயிறு இரவு இனிட்ராமை மறுபடி உருவாக்கக் கொடுத்து, கட்டளை வரி திரும்பியதும் சுவரில் சுவிட்சை அணைத்தேன். பென்டிரைவில் ஏறி முதலில் நோரெகவரி போட்டு மவுன்ட். இனிட்ராம் கோப்பின் நேரம் வியாழக்கிழமை! மவுன்ட்டை எடுத்து, இம்முறை சாதாரணமாக ஏற்றினேன். அதே பெயர், நேரம் ஞாயிறு 14:22. ஒரு நொடி குழம்பிவிட்டேன், அணைத்தபோது இரவு எட்டு மணி ஆகவில்லை. பிறகு பார்த்தால் பென்டிரைவ் கொழும்பு நேரத்தில் ஓடவில்லை. ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் 7:52. சரி.

பிறகு அந்த உறைய வைக்கும் மருந்தையும் சாப்பிட்டேன். ஒரே வரியில் எழுது என்று நீங்கள் சொன்னதை வாசித்தேன், ஆனால் வாசித்தது கைக்குப் போகவில்லை. உறைய வைக்கும் கட்டளையை மட்டும் தட்டிவிட்டு, உருக வைக்கும் எழுத்து எது என்று உலாவியில் தேடப் போனேன். உலாவி தன் பாட்டுக்கு எதையோ எழுதப் பார்த்து நின்றுவிட்டது. வேறு முனையத்தில் உள்நுழையப் பார்த்தேன், அதுவும் நின்றது. சுட்டி மட்டும் வழுக்கிக்கொண்டு திரிந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி ஏறியபோது ஒன்றும் கெடவில்லை. ஆனாலும் இந்த மருந்து எனக்கு ஒத்துவராது. நிரந்தர வழி உண்டா? கெர்னல்களை ஈஎஃப்ஐ பிரிவிலேயே வைத்தால் என்ன?

~~~~

பழைய பலகை (தெகிவளை) எழுதியது:

100 எம்பிக்குள் வைக்க முடியாது. டெபியனின் இனிட்ராம் ஒன்றே பல பத்து எம்பி வரும், பழைய கெர்னல் ஒன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். ஃபேட் கோப்பு முறைமையைத் தவிர வேறொன்றையும் வாசிக்க யூஇஎஃப்ஐ விதி ஃபேர்ம்வெயாரைக் கட்டாயப்படுத்தவில்லை, அதனால்தான் இந்த டிரைவர் விளையாட்டே வந்தது. 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னல் தானே ஒரு ஈஎஃப்ஐ நிரலாக ஓடக்கூடியது. அதை வாசித்து எடுத்துத் தர ஒரு கை வேண்டும், அவ்வளவே. அந்தக் கைக்கு எளிதான கோப்பு முறைமையைக் கொடுங்கள் என்பது என் கட்சி.

பூட் அடைவுக்கு 1 ஜிபி தனிப் பிரிவு, அதில் எக்ஸ்ட்2. வேண்டுமென்றே எக்ஸ்ட்2, ஏனென்றால் அதற்கு நாளேடே கிடையாது. சிங்க் ஓடி முடிந்தால் வட்டில் உள்ளதுதான் உண்மை, யார் புரட்டினாலும் ஒன்றே தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அடுத்த முறை எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமைச் சரிபார்ப்பு) ஓடும், 1 ஜிபிக்கு அது ஒரு நொடி வேலை. எக்ஸ்ட்2 டிரைவர் ரெஃபைண்டோடு கூடவே வருகிறது, எக்ஸ்எஃப்எஸ் டிரைவரைத்தான் வெளியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. புதியதைப் போட்டதும் பழைய டிரைவரை அடைவிலிருந்து நீக்கிவிடுங்கள். தேவையில்லாத டிரைவர் ஒவ்வொன்றும் தொடக்கத்தைத் தாமதமாக்கும்.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்கி இடம் எடுக்கலாம் என்ற எண்ணத்தை விடுங்கள், அது வளரத் தெரிந்த பிள்ளை, சுருங்கத் தெரியாது. ஸ்வாப் பிரிவு (ராம் போதாதபோது உதவும் இடம்) இருந்தால் அதில் 1 ஜிபி வெட்டுங்கள். ஸ்வாப்பை மறுபடி உருவாக்கும்போது பழைய யூயூஐடியையே கொடுங்கள். இல்லாவிட்டால் இனிட்ராம் பழைய ஸ்வாப்பைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு காலையும் அரை நிமிடம் சும்மா நிற்கும்.

ரெஃபைண்டின் லினக்ஸ் தெரிவுக் கோப்பு கெர்னல் இருக்கும் அடைவிலேயே இருக்க வேண்டும். பூட் அடைவில் உள்ளதையெல்லாம் நகலெடுக்கும்போது அதையும் மறக்காமல் கொண்டுபோங்கள். எஃப்எஸ்டாப் கோப்பில் (மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) புதிய பிரிவுக்கு ஒரு வரி, கடைசி எண் 2. அது இல்லாவிட்டால் எஃப்எஸ்சிகே அந்தப் பக்கமே போகாது.

இன்னொன்று. அன்று டெபியன் சின்னத்தில் எஃப்2 அழுத்தியிருந்தால் பழைய கெர்னல் உள்ளே மடித்து வைத்திருந்தது தெரிந்திருக்கும். அதில் ஏறியிருந்தாலும் லாக் மீட்பு நடந்திருக்கும். பென்டிரைவ் தேடி மேசையைக் குடைந்திருக்க வேண்டாம்.

~~~~

கணக்கப்பிள்ளை எழுதியது:

எஃப்2! இரண்டு வருடமாக அந்தச் சின்னத்தைப் பார்க்கிறேன், உள்ளே ஒருவன் மடித்து வைக்கப்பட்டிருந்தது தெரியாது.

நேற்றிரவு செய்துவிட்டேன். ஸ்வாப் 8 ஜிபி இருந்தது, 7 ஆக்கினேன். யூயூஐடியைத் தாளில் எழுதி வைத்து எழுத்தெழுத்தாகத் திருப்பிக் கொடுத்தேன், இரண்டு தரம் சரிபார்த்தேன், பழக்கதோஷம். எக்ஸ்ட்2 பிரிவுக்கு நகலெடுத்து, எஃப்எஸ்டாப் வரி போட்டு, டிரைவரை மாற்றினேன். முதல் தொடக்கத்தில் டெபியன் சின்னம் இரண்டு வந்தது. பழைய பூட் அடைவில் இருந்த கோப்புகளை அழிக்காமல் விட்டு, எக்ஸ்எஃப்எஸ் டிரைவரையும் மறந்து உள்ளே விட்டிருந்தேன். டிரைவரை நீக்கியதும் ஒன்றாகிவிட்டது. பழைய கோப்புகள் புதிய பிரிவின் மவுன்ட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன, ஒரு மாதம் போகட்டும்.

பிறகு இனிட்ராம் உருவாக்கி, கட்டளை வரி வந்ததும் சுவரில் சுவிட்ச். மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் நேரே ஏறியது. இரண்டு தரம் எஃப்எஸ்சிகே ஏதோ முணுமுணுத்தது, ஒரு வரி, படிக்கும் முன் போய்விட்டது.

இதையெல்லாம் மகனுக்கு எழுதினேன். நாளேடு, பேரேடு, 14:22 எல்லாம் விவரமாக. "அப்பா, யூபிஎஸ்ஸுக்குப் பற்றரி வாங்கினீர்களா?" என்று ஒரு வரி பதில் வந்தது. சனிக்கிழமை பற்றரி வாங்கப் பம்பலப்பிட்டிக்குப் போகிறேன்.